அது ரயில் இல்லை, தையல் மெசின்

ராசா,

நல்ல செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அக்காவின் மூத்தவள் செந்தூரி டொக்டர் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள். டவுன்டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறாள். வருகிற கிழவர்களோடு பிரெஞ்சில் பகிடி விட்டு, அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஊசியைப் போட்டுவிடுவாளாம். அவளுக்கு அடுத்த கபிலன் பாலம் கட்டுகிற கொம்பனியில் இஞ்சினியராகச் சேர்ந்துவிட்டான். உன் மகள் இசைப் பள்ளிக்கூடத்தில் வயலினுக்கு எடுபட்டதை அக்கா சொன்ன அன்றைக்கே கோயிலில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். நீ படத்துக்குச் செய்த இசை இந்த வருடமும் பெரிய விருது ஒன்றின் பட்டியலுக்குப் போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்த்திருக்கிறது. உங்களில் ஒருவர் ஒரு படி ஏறினால் நம்முடைய தமிழ் மாதப் பத்திரிகையில் அரைப் பக்க வாழ்த்துப் போடாமல் நான் ஒரு தடவையும் விட்டதில்லை. பத்திரிகைக்காரருக்கு என் குரல் பாடம். "என்னம்மா, இந்த முறை ஆர் பாஸ்?" என்று கேட்டுக்கொண்டுதான் போனை எடுப்பார்.

இந்தக் கடிதமும் அந்தப் பத்திரிகைக்குப் போகிறது. உனக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று இரண்டு தரம் எழுதுகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்தவற்றையும் தெரியாத சனத்துக்காக எழுத வேண்டியிருக்கும். பொறுமையாக வாசி.

நேசன் செத்து இன்றைக்குப் பத்து நாள். உன் பாண்டில் உனக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது கீபோர்ட் வாசித்தவன், பரமேஸ் அக்காவின் ஒரே மகன். நீ அனுப்பிய வெள்ளைப் பூ வளையம் வந்தது. பெரிய வளையம். முன்னுக்கு இடமில்லாமல் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். வேலை முடியவில்லை, வர முடியாது என்று நீ போனில் சொன்னபோது நான் "ஓம் ராசா, உடம்பைப் பார்" என்றுதான் சொன்னேன். வா என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளப் போகிற பிழைகளில் அது சின்னது.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. பரமேஸ் அக்கா எங்களுக்குச் சொந்தமுமில்லை, ஊருமில்லை. மெட்ரோவில் உன் அப்பா வழி கேட்ட ஒரு தமிழ்ப் பெண், அவ்வளவுதான். பார்க் எக்ஸ்ரென்ஷனில் அவருடைய இரண்டு அறை வீட்டில் இரண்டு அறையையும் எங்களுக்கு விட்டுவிட்டு, மெசின் நிற்கிற ஹோலில் தானும் மகனும் படுத்தார். மூன்று மாதம் அப்படி இருந்தோம், பிறகுதான் மெட்ரோவில் போய்வருகிற தூரத்தில் தனி வீடு எடுத்தோம். அவர் வீட்டிலிருந்தே சேட்டுக் கொலர் தைப்பவர். கொம்பனி வான் வெட்டிய துணிக்கட்டுகளைத் திங்கட்கிழமை போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போகும். நான் பக்கத்தில் இருந்து நூல் வெட்டிக் கொடுப்பேன். கொலர் தைக்கிற சத்தம் உனக்கும் மறந்திருக்காது. ஒரு சின்ன ஓட்டம். மூலையில் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் விட்டபடியே துணியைத் திருப்ப வேண்டும். பிறகு ஒரு நீள ஓட்டம். மறு மூலையில் பிறகும் நிறுத்தம். பிறகு ஒரு சின்ன ஓட்டம். நாள் முழுக்க அதுதான் அந்த வீட்டின் சத்தம்.

ஐந்தாவது குளிர்காலம் நீங்கள் மூன்று பேரும் பரமேஸ் அக்கா இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் பாண்ட் தொடங்கினீர்கள். அதற்குப் பெயரும் பிரெஞ்சில் ஐந்தாவது குளிர்காலம் என்றே வைத்தீர்கள். நீ பாட்டும் கீபோர்டும், நேசன் மற்றக் கீபோர்ட், மேல் மாடியில் இருந்த மார்செல் ட்ரம்ஸ். மார்செல் இங்கத்தைய பெடியன், ஆனால் எங்கள் இரண்டு வீட்டுச் சோற்றையும் தின்று எங்கள் தமிழையும் பழகிவிட்டவன். அவனுடைய தமையன் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் உங்களுக்கு அந்த நியூ வேவ் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஊரெல்லாம் அது முடிந்து பத்து வருடமாம், நீங்கள் அப்போதுதான் தொடங்கினீர்கள். ஒருநாள் என் மைச் சிமிழைக் காணவில்லை. பின்னேரம் பார்த்தால் மூன்று பேரும் கண்ணுக்கு மை எழுதி, கொலரை நிமிர்த்திவிட்டு, கறுப்புக் கோட்டோடு நிற்கிறீர்கள். உன் அப்பா ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிவிட்டு அப்போதுதான் வந்தார்.

"இதென்ன கோலம்? கூத்தாடப் போறியளோ?"

நீயும் நேசனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். மார்செல்தான் முன்னுக்கு வந்து, "ஓம் அண்ணை, கூத்துத்தான். வாறியளோ?" என்றான். அவர் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்ச் சிரித்தது உனக்குத் தெரியாது.

உங்கள் பாட்டு முதலில் பார்களில் கேட்டது, பிறகு ரேடியோவில் வந்தது. ஒரு கசெற், இரண்டு சீடி. பழைய வான் ஒன்றில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பனிக்குள் எங்கெங்கோ போய் வாசித்துவிட்டு, விறைத்த காலோடு வந்து நிற்பீர்கள். நான் அப்போது ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளியின் ரேடியோவில் உன் குரல் வந்த அன்று, "என் மகன்" என்று எனக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சுச் சொல்லில் சொன்னேன். அந்த ஆள் நம்பவில்லை. அப்படியென்றால் பாடு என்றார். அர்த்தம் தெரியாமலே முழுப் பாட்டையும் பாடிக் காட்டினேன். ஒரு பை நிறையக் கத்தரிக்காய் தந்தார். அந்தக் கத்தரிக்காயைச் சமைத்து இரண்டு வீடும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

அந்தப் பாட்டின் நடுவில் பாட்டு நின்று கீபோர்ட் மட்டும் போகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவன் நேசன். இது நான் கேள்விப்பட்ட கதை இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன். பரமேஸ் அக்கா தைத்துக்கொண்டிருக்க, அவன் மடியில் ஒரு சின்னக் கீபோர்டை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து, மெசின் ஓட ஓட விரலை ஓட்டி, மெசின் நிற்க நிறுத்தி, அந்த நிறுத்தத்துக்குள் ஒரு மெல்லிய இழுவையை விட்டான். "அம்மா, இன்னொரு கொலர் தையுங்கோ" என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். அன்றைக்கு நாற்பது கொலராவது தைத்திருப்பார். "உனக்குச் சங்கீதம் வருதோ இல்லையோ, எனக்கு இண்டைக்கு வேலை முடிஞ்சுது" என்று பரமேஸ் அக்கா சிரித்தார். நீ இரவு வேலையால் வந்து கேட்டுவிட்டு, "மச்சான், இது பேய்ச் சாமான்" என்று மெச்சினாய். அதுவும் நான் கேட்டதுதான்.

பிறகு ஒரு சினிமாப் படக்காரர் வந்தார். முதற்படம் எடுக்கிறவர். பார் ஒன்றில் நீங்கள் வாசித்தபோது அந்தக் கீபோர்ட் இடத்தைக் கேட்டுவிட்டு, அந்த மெட்டு வேண்டும், முழுப் படத்துக்கும் நீயே இசை செய்ய வேண்டும் என்று உன்னைப் பிடித்துக்கொண்டார். படக் கொம்பனியிலிருந்து ஒரு தாள் வந்தது. மெட்டு முழுக்க உன்னுடையது, தங்களுக்கு அதில் உரித்தில்லை என்று மற்ற இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் தாள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். மார்செல் வைத்துவிட்டான். நேசன் வைக்கவில்லை. "மெட்டைக் கொண்டு போ மச்சான், என்ர பேரையும் போடு, அவ்வளவுதான்" என்று அவன் சொன்னதாக நீதான் எனக்குச் சொன்னாய். இரண்டு பெயர் போடலாமா என்று கொம்பனியிடம் நீ கேட்டாயா? அன்றைக்கு நான் உன்னைக் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய். இரண்டு நாள் சோறு தின்னவில்லை. உன் அப்பா, "விடு, அவங்கட பாடு" என்றார். என்னால் விட முடியவில்லை. என் பிள்ளை பெரிய ஆளாகப் போகிறான், கதவு திறந்திருக்கிறது, ஒரு கையெழுத்து அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை காலை தலை முழுகி, நல்ல சீலை உடுத்து, தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு பரமேஸ் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாடி பிள்ளை, என்ன வெள்ளன? இரு, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அக்கா."

"ஏன், சீனி வருத்தம் வந்திட்டுதோ?"

"நேசன் இதில கையெழுத்து வைக்கும்வரைக்கும் நான் இந்த வீட்டில கை நனைக்க மாட்டன்."

எங்கள் ஆட்களுக்கு இதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய் அங்கே தண்ணீர் கூடக் குடிக்காமல் இருப்பது பேச்சை முறிப்பது போல. கேட்டதைத் தராவிட்டால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, நல்லது கெட்டதுக்கு வாசல் மிதிக்க மாட்டேன் என்று வாய் திறக்காமல் சொல்வது. அதை நான் எங்கே செய்தேன் என்று பார். போக்கிடம் இல்லாமல் நின்ற எங்களுக்கு மூன்று மாதம் சோறு போட்ட வீட்டில் செய்தேன். அந்த மனுசி ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டாதவர். சொல்லிக் காட்டாதவரிடம்தான் இது பலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போயிற்று. எடுத்துக்கொண்டு போய் வேறொன்று கொண்டுவந்தார். அதுவும் ஆறிப்போயிற்று. அன்றைக்கு மெசின் ஓடவில்லை.

"எடி, அது அவன்ர சாமானடி. என்ர மெசினில இருந்து எடுத்தவன். நீயும் பக்கத்தில இருந்தனி."

"தெரியும் அக்கா. அதாலதான் உங்களிட்ட வந்தனான்."

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நான் சொன்னது இதுதான். அவனுடையது என்று தெரியாமல் செய்தேன் என்று ஒளிக்க எனக்கு இடமில்லை.

மத்தியானம் கழிந்து நேசன் வந்தான். மூன்றாவது கோப்பையில் ஆடை படர்ந்திருந்தது. "என்ன அன்ரி, சத்தியாக்கிரகமோ?" என்று சிரித்தான். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, இந்த வீட்டில இருந்து ஆரும் வெறும் வயித்தோட எழும்பிப் போனதில்லை. வைச்சுக் குடு."

"அம்மா, நீங்கள் சொல்லுறீங்களோ?"

"ஓம்."

மெசின் பலகையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு அந்த ஆறின கோப்பையை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, தானே புதிதாகப் போட்டுக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். "இந்தாங்கோ அன்ரி. இனிக் குடிக்கலாம்தானே." நான் வாங்கிக் குடித்தேன். முழுதையும் குடித்தேன். எனக்கு நல்ல பசி.

வீட்டுக்கு வந்து உன்னிடம், "சந்தோசமாப் போட்டவன். 'அவன் முன்னுக்கு வரட்டும் அன்ரி' எண்டு சொன்னவன்" என்றேன். நேசன் அப்படி ஒரு வசனம் சொல்லவில்லை. மெட்ரோவில் வரும்போது நான் கட்டியது. நீ எழும்பி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாய். மீன் குழம்போடு சோறு போட்டேன். உன் முதல் விருதை வாங்கியபோது மேடையில், மனம் நிறைந்து வழிவிட்ட நண்பனுக்கு நன்றி என்று சொன்னாயே, அது என் பொய்யிலிருந்து வந்தது. அதை நீ நம்பினாய் என்றுதான் நினைக்கிறேன். நம்புவது உனக்கு வசதியாகவும் இருந்தது. உன் பங்கு எவ்வளவு என்று நான் நிறுக்க மாட்டேன். என் பங்கை எழுதத்தான் இந்தக் கடிதம்.

படம் ஓடியது. நீ எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனாய். பாடுகிற ஆள் போனபின் பாண்ட் ஏது? படத்துக்கு மேல் படம் வந்தது. ஒரு பேட்டியில் அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று உன்னைக் கேட்டார்கள். சின்ன வயதில் ஊரில் படுத்திருந்து கேட்ட ரயில் சத்தம் என்று சொன்னாய். ராசா, நாங்கள் தீவார், கடலுக்கு நடுவில் இருந்த சனம். நம் ஊருக்கு ரயில் எங்கே வந்தது? வள்ளம்தான் வரும். நீ பிறந்து முதன்முதலில் ரயிலேறியது பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது. யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடினவன் கொழும்பில்தான் திறந்தாய். எனக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டு அடுத்த மாதம் பத்திரிகையில் நான் போட்ட வாழ்த்தில் "ரயிலோசையில் பிறந்த இசை" என்று பெரிய எழுத்தில் போடுவித்தேன். பரமேஸ் அக்கா போன் எடுத்தார். "வாழ்த்து வடிவாயிருக்கு பிள்ளை" என்றார். போனை வைத்துவிட்டார்.

நேசன் பஸ் ஓட்டப் போனான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக் கொடுத்தான். உன் இரண்டாவது படம் வந்த நாட்களில் ஒருநாள் சந்தையிலிருந்து பையோடு பஸ் ஏறினேன். பஸ்ஸின் பக்கம் முழுக்க உன் படத்தின் விளம்பரம். ஏறிப் பார்த்தால் ஓட்டுகிறவன் நேசன். "பாத்தீங்களோ அன்ரி, உங்கட மகனை நான்தான் ஊர் முழுக்கச் சுத்திக் காட்டுறன்" என்று சிரித்தான். பகிடியா குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை. "கவனமா இருங்கோ, பிரேக் போடுவன்" என்றான். நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பு முந்தியே இறங்கி நடந்தேன்.

போன வருடம் நேசனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். இல்-பிசாரில் நான் இப்போது இருக்கிற உன் அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போவேன், சூப் கொண்டு. ஆள் கரைந்து போனான். கடைசியாகப் போன அன்று, "அன்ரி, அவன் அந்தப் பழைய கீபோர்டை இன்னும் வைச்சிருக்கிறானோ?" என்று கேட்டான். "ஓம் தம்பி, வைச்சிருக்கிறான்" என்றேன். உன்னிடம் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. "நல்லது. அதில ஒரு கட்டை ஒட்டும். எண்ணெய் விடச் சொல்லுங்கோ" என்றான். அப்போது சொல்லிவிடுவோம், தம்பி அன்றைக்கு நான் உன்னை நெரித்துத்தான் வாங்கினேன், என்னை மன்னி என்று கேட்டுவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்தாள். நர்ஸ் போன பிறகும் நேரம் இருந்தது. நான் கேட்கவில்லை.

செத்தவீட்டில் அவன் மகள் அபிரா, பத்தொன்பது வயதுப் பிள்ளை, தகப்பன் எப்போதும் வாய்க்குள் முணுமுணுக்கிற பாட்டு என்று சொல்லி அந்த மெட்டைப் போட்டாள். உன் படத்திலிருந்து எடுத்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொல்லவில்லை. பெட்டிக்குள் அவன் கிடக்க, அந்த மெசின் சத்தம் அந்த மண்டபத்தில் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. சனம் என்னிடம் வந்தது. "உங்கட மகன்ர மியூசிக் அன்ரி, என்ன பொருத்தம்!" "ஓம்" என்றேன். இன்னொருவர் வந்தார். "சிநேகிதனுக்கு மகன் செய்த அஞ்சலி." "ஓம்" என்றேன். மூன்றாவதாக ஒருத்தி என் கையைப் பிடித்து, "பெத்த வயிறு குளிரும்" என்றாள். அதற்கும் ஓம் என்றேன். பரமேஸ் அக்கா நாலடி தள்ளிக் கதிரையில் இருந்தார். கேட்டிருப்பார்.

மார்செல் தலை நரைத்துப்போய் என் பக்கத்தில் வந்து நின்றான். "அன்ரி, இது நேசன்ர" என்றான்.

"தெரியும் தம்பி."

"எனக்கும் தெரியும். நானும்தான் கையெழுத்து வைச்சனான்." அவ்வளவுதான் கதைத்தோம்.

எட்டாம் நாள் சமையல் நடக்கும்போது பரமேஸ் அக்கா என்னைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். செத்தவரின் வாழ்க்கையை எழுதி, தெரிந்தவர்கள் நாலு வார்த்தை எழுதி, வீட்டில் வைக்கிற புத்தகம். அந்த மனுசி சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கோணும். குறை நினையாதை."

"சொல்லுங்கோ அக்கா."

"அதில ஒரு வரி போடலாமோ? அந்த மெட்டுக் கட்டினது அவன் எண்டு. அபிராவுக்காக. வேறை ஒண்டுக்கும் இல்லை."

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். "இல்லை, போடக்கூடாதெண்டா விடு. அவன் கையெழுத்து வைச்சதுதானே. உன்ர மகன் கேஸ் கீஸ் போடுவானோ எண்டுதான் கேட்டனான்."

தன் பிள்ளை செய்ததைத் தன் பிள்ளையின் நினைவு மலரில் எழுத, என்னிடம் உத்தரவு கேட்கிறார். எங்களுக்குப் படுக்க இடம் தந்துவிட்டு நிலத்தில் படுத்த மனுசி, என் மகனுக்குப் பயப்படுகிறார். உன் விருதுகளையெல்லாம் எடுத்து அந்தக் குசினியில் கொட்டினாலும் அந்தக் கேள்வி மறையாது. அன்றைக்கு நான் அந்த வீட்டில் சாப்பிட்டேனா என்று கேட்காதே. கோப்பையை எடுத்தேன், வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே ராசா, நான் கேட்பது இது. அந்த வரியைப் பரமேஸ் அக்கா எழுதக் கூடாது. நீ எழுத வேண்டும். மெட்டு நேசனுடையது, அவன் தாயின் தையல் மெசினிலிருந்து எடுத்தது, ரயில் என்று பேட்டியில் நான் சொன்னது பொய் என்று உன் கையால் எழுது. நல்ல தமிழில் வராவிட்டால் பரவாயில்லை, நானும் ஐந்தாம் வகுப்புத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ முதலில் வக்கீலிடம் காட்டுவாய். காட்டு. ஆனால் வக்கீல் கட்டித் தருகிற வசனத்தை அனுப்பாதே, அது அபிராவுக்கு விளங்காது. இருபத்தைந்தாம் நாளுக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். உன் மகளுக்கும் இதைச் சொல்லிவை. அவளுடைய இசைப் பள்ளிக்கூடத்தில் நாளைக்கு ஒரு பிள்ளை அவளுக்கு எதையாவது விட்டுக்கொடுத்தால், வாங்குவதற்கு முன் அந்தப் பிள்ளையிடமே நேரே போய், முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொல்லு. தாய் வந்து சொன்னாள் என்று நம்ப வேண்டாம்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் உன் அக்கா துள்ளினாள். "அம்மா, உங்களுக்கு விசரோ? அவன்ர பேர் என்னாகும்? இந்த நேரம் விருது வேறை." அவள் சொல்வது எனக்கு விளங்காமலில்லை. விருது கிடைக்காமல் போகலாம். நீ என்னோடு கதைக்காமல் விடலாம். ஆனால் உனக்கு மட்டும் அனுப்பினால் நீ போன் எடுத்து "அம்மா" என்று ஒருதரம் கூப்பிடுவாய், நான் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். உனக்காக ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள் நான். அதனால் உனக்குத் தபாலில் போடுகிற அன்றைக்கே பத்திரிகைக் கந்தோரிலும் கொடுத்துவிடுவேன். இத்தனை வருடம் அரைப் பக்கம் அரைப் பக்கமாக ஊருக்குச் சொன்ன வாயால்தான் இதையும் சொல்ல வேண்டும். பரமேஸ் அக்கா பத்திரிகையில் வாசிப்பதற்கு முன் நானே போய் வாசித்துக் காட்டுவேன். அந்த மனுசி கதவைச் சாத்தினால் வெளியில் நின்று வாசிப்பேன்.

இன்னொன்று. மலரில் எழுதுகிறவர்களின் முகத்தையும் போடுவது வழக்கம். உன் முகம் பத்திரிகைகளில் நிறைய வந்திருக்கிறது, அச்சகக்காரர் கேட்டால் ஆயிரம் எடுத்துக்கொள்வார். அவை வேண்டாம். நரைத்த தலையோடு, இப்போது இருக்கிற மாதிரி ஒன்று எடுத்துத் தபாலில் போடு, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. அதை முதலில் அந்த வரியை எழுதி முடித்துவிட்டு எடு. எழுதுவதற்கு முன் எடுத்த முகம் ஒன்றும் எனக்கு இனி அனுப்பாதே.

அம்மா